மூன்று தசம் மூன்று

முதல் சிப்பு சித்திரையில் செத்தது.
இரண்டாவது, அதே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை,
விடியப்புறம் நாலு பத்துக்கு.

கொட்டியாரக் குடாவில் பதினெட்டு மீற்றர் ஆழத்தில்
திமிங்கிலம் கேட்கவென்று ஒரு காதை இறக்கியிருந்தேன்.
கேட்டது பெரும்பாலும்
கிண்ணியாப் படகுகள்,
இறால்கள் விரல் சொடுக்குவது,
மா ஆலைக்கு வரும் கப்பலின் அடிவயிற்று முனகல்.
எல்லாம் மில்லிவோல்ற்.
விரியலாக்கி அதை நூறு மடங்காக்கி
எண்ணாக மாற்றும் சிப்பின் வாசலில் விடும்.

விரியலாக்கி வாழ்வது பன்னிரண்டு வோல்ற்றில்.
சிப்பு, மூன்று தசம் மூன்றில்.
இரண்டையும் நேரே கம்பியால் கட்டியவள் நான்தான்.
சின்னச் சத்தங்களை மட்டுமே நினைத்திருந்தேன்.

"வெடி போட்டிருப்பாங்க," என்றார் முஸம்மில்,
நங்கூரக் கயிற்றைச் சுருட்டியபடி.
யார் என்று நான் கேட்கவில்லை.

உவர்மலை அறையில் பற்றாசுப் புகை.
கம்பியை வெட்டி நடுவே ஒரு கிலோஓம் தடையி.
பிறகு இரண்டு இருவாயிகள், மேலொன்று கீழொன்று.
பள்ளிப் புத்தகம் வைத்த பெயர்:
வாய் இரண்டு, விடுவது ஒரு பக்கம்.
வரம்பு மீறினால் திறந்து
மிச்சத்தை மின்வழங்கிக்குள் தள்ளிவிடும்.

மேசையில் பன்னிரண்டைக் கொடுத்துப் பார்த்தேன்.
மானி, வழங்கற் கம்பியில் நாலரை காட்டியது.
தள்ளியது எங்கேயாவது போகத்தானே வேண்டும்.
அரைத்தூக்கத்தில் கிடந்த சுற்று ஒரு மிடறும் குடிக்கவில்லை.
வாளி நிரம்பி,
வாளியோடு சேர்ந்து வீடே உயர்ந்துவிட்டது.
ஒரு செனரை வாய்க்காலாக வெட்டிவிட்டேன்.
தடையி பெருத்தால் கீச்சொலிகள் மழுங்கும்,
சிறுத்தால் இருவாயி வேகும்.
இரண்டு இரவு இதற்கே போனது.

வைகாசி பதினொன்று, நாலு இருபது.
திரையில் அலை ஏறி, உச்சியில்
வாளால் சீவியதுபோல் ஒரு நேர்கோடு.
கீழே இன்னொன்று.
பிறகு நெடுநேரம் இறால்கூட இல்லை.
பிறகு ஒரு சொடுக்கு.
பிறகு இன்னொன்று.

சிப்பு பிழைத்தது.
படிவத்தில் ஒரு கட்டம்: அதிகூடிய அளவு.
தெரியாது என்று எழுத இடமில்லை.
"மூன்று தசம் மூன்றுக்கு மேல்" என்று எழுதினேன்.

முஸம்மிலுக்குப் போட்டுக் காட்டினேன்.
வெடியை அவர் பெரிதாக எடுக்கவில்லை.
அதற்கு நாற்பது செக்கன் முன்னே
ஒரு என்ஜின் வந்து அணைகிறது.
அந்த இடத்தைத் திருப்பிப் போடச் சொன்னார்.
மறுபடியும்.
காதிலிருந்து கழற்றி,
வயரை ஒழுங்காகச் சுற்றி என் கையில் வைத்தார்.
"தெளிவில்ல தங்கச்சி."

மில்லிவோல்ற்தான்.
ஆனாலும் ஒவ்வோர் அடியும் எண்ணலாம்போல் இருந்தது,
ஏழுக்கொருதரம் அது விக்குவது உட்பட.