பதுளைக்கு இடமில்லை

கோட்டை நிலையத்தில்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்
ஒரு விரலை மட்டும் ஆட்டினார்.
இண்டைக்கு இல்லை. நாளைக்கும் இல்லை.
வருசம் முடிய வாங்கோ.

எந்த வருசம் என்று கேட்க வாயெடுத்து
சித்திரை வருசம் என்று உறைத்தபோது
எனக்குப் பின்னால் ஒரு நகரமே
ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது,
பலகாரப் பெட்டியும் புதுச் சீத்தையுமாக,
தூங்கும் பிள்ளையைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டபடி.

திட்டம் என்னுடையதல்ல.
அமிர்தகௌரி போட்டது.
ஐந்து நிறப் பேனாவில்
இரண்டாம் நாள் எல்ல, நான்காம் நாள் அருவி,
மழை வந்தால் மாற்று வழி,
பேதி மாத்திரை எத்தனை என்பது வரைக்கும் எழுதி
கடைசியில் மகனுக்கு அம்மை போட்டுவிட
என்னை மட்டும் திருச்சியில் விமானம் ஏற்றிவிட்டாள்.
தாளைப் பார்த்து நட, போதும் என்றாள்.

நடந்தேன்.
முதுகில் பதினொரு கிலோ.
புறக்கோட்டை வெயில் மேலேயிருந்து விழுவதில்லை.
தாரிலிருந்து கிளம்பி
முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது.
வழி விடு, நாட்டாமை வாறான் என்று யாரோ கத்த
சொம்பையும் மீசையையும் தேடித் திரும்பினேன்.
ஆறு மூட்டை அரிசியைத் தள்ளுவண்டியில் அடுக்கி
வெற்று மார்போடு ஒருவர் வந்தார்.
இங்கே சுமப்பவருக்குத்தான் அந்தப் பெயர்.
அப்படியானால் நானும்.

கெய்சர் வீதி நடுவில் சிப் வெடித்தது.
துண்டு, கொசுவர்த்தி, உள்ளாடை,
இதுவரை பிரிக்காத மழைக்கோட்டு
எல்லாம் தெருவுக்கு வந்தன.
பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த ரிஸ்மி
மறுபடியும் திறந்தான்.
பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டு கேட்டான்:
எங்க போறீங்க?
தெரியாது.
எப்ப போறீங்க?
அதுவும்.
அப்ப சரி, ஆறுதலா தைப்பம்.

மெதுவாக என்கிறான்.
எனக்குத் தெரியும், வெள்ளவத்தையில் இரண்டு நாளாக
இதைத்தான் கேட்கிறேன்.
ஆனாலும் காது என் ஊர்க் காது.
சாக்கடை ஓரம், கவிழ்த்த பக்கெட்டின் மேல்
ஆறுதலாக உட்கார்ந்திருந்தேன்.
மெழுகுதிரியைப் பல்வரிசையில் தேய்த்து
இழுத்துக் காட்டினான்.
ஒரு பக்கந்தான் திறக்கும், அது பரவாயில்ல.
காசு சொல்லும்போது மட்டும் வேகமாகச் சொன்னான்.

மறுநாள் கொழும்பைக் காணவில்லை.
காலி வீதி நடுக்கோட்டில் நாய் படுத்திருந்தது.
கதவுகள் இறங்கிய கடைகளுக்கு மேலே
நிழல் பெயர்ப்பலகைக்கு மட்டும் இருந்தது.
எங்கோ ஒரு வெடிச்சரம், பிறகு ஒரு காகம்.
மருதானையில் திறந்திருந்த ஒரே கடையில்
இஞ்சி பிளேன்டீ மூன்று குடித்தேன்,
குடிக்க வேறு யாருமில்லை என்பதால்.

மாலையில் காலிமுகத்திடலில்
ஒற்றை வண்டிக்காரி இறால் வடை போட்டாள்.
சுற்றித் தரத் தாள் முடிந்துவிட்டது என்றாள்.
என்னிடம் இருந்தது.
எண்ணெய் முதலில் எல்லவில் ஊறியது,
பிறகு அருவி.
ஐந்து நிறமும் ஒன்றில் ஒன்று இறங்கி
இரண்டாம் நாள் வழியாக
ஐந்தாம் நாள் தெரிந்தது.
அவள் எழுத்து அழகு, இப்போதும்.

கைப்பேசி அதிர்ந்தது.
மலை எப்படி?
வடையைப் படமெடுத்து அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு: இறாலைத் தலையோடயா தின்பாங்க?

கொம்பனித்தெரு நிலையத்தில் ஒரு ரயில் உண்டு என்றார்கள்,
கடலை ஒட்டிப் போகுமாம்,
பெட்டிக்கு மூன்று பேர் கூட இருக்க மாட்டார்களாம்.
எவடத்துக்கு? என்றார் சீட்டுக்காரர்.
பலகையை மேலிருந்து கீழாக வாசித்தேன்.
மென்று பார்க்க நன்றாயிருந்த பெயராகப் பார்த்து
பம்பலப்பிட்டி என்றேன்.
நடந்தே போகலாமே என்றார்.
தெரியும் என்றேன்.
பையின் திறக்கும் பக்கத்தில்
சில்லறையைத் தேடினேன்,
அது மற்றப் பக்கத்தில் இருந்தது.