பச்சை இலைக் கணக்கு

பாடப்பிரிவில் 'உளவியல்' என்று தட்டியதும்
போஜன் அண்ணன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.
"என்னைப் பாத்து எதையும் கண்டுபிடிச்சிராதம்மா."
வெளியே கோத்தகிரி மார்க்கெட்டில்
கேரட் மூட்டைகள் நனைந்துகொண்டிருந்தன.
எழுபது ரூபாயில் பத்தைக் குறைத்துக்கொண்டார்.
பயமா பிரியமா என்று
இனிமேல்தான் படிக்க வேண்டும்.

லைன் வீடுகளுக்கு எனக்கு முன்னால் போய்விட்டது செய்தி.
எஸ்தர் அக்கா ஒரு கனவைக் கொண்டுவந்தாள்:
கிணற்றுக்குள் தையல் மிஷின், ஓடிக்கொண்டே இருக்கிறதாம்.
மூன்றாம் வீட்டு மருதை
தூக்கத்துக்கு மாத்திரை எழுதித் தரச் சொன்னார்.
இன்னும் சேரவேயில்லை என்றேன்.
"சேந்ததும் எழுது."

போனில் சீனியர் ஒருத்தி சிரித்தாள்.
கனவு கினவு எல்லாம் அப்புறம்,
முதலில் புள்ளியியல்,
பாதிப் பேர் அங்கேதான் அழுவார்கள்.

பழகிப் பார்க்க எண்கள் வேண்டியிருந்தது.
அரிசி டின் மேல், ரப்பர் பேண்டுக்குள்
அம்மாவின் எடைச் சீட்டுகள்.
ஏப்ரல், இருபத்தாறு வேலைநாள்.
முப்பத்தொன்று, இருபத்தாறு, இருபத்தொன்பது...
கூட்டி வகுத்தால்
நாளுக்கு இருபத்தேழு கிலோ சொச்சம் பச்சை இலை.
பதினெட்டாம் தேதி மட்டும்
நான்கு.

பழைய புத்தகத்தில் யாரோ பென்சிலால் கோடிட்டிருந்தார்கள்:
கூட்டத்தைவிட்டு வெகுதூரம் விலகி நிற்கும் எண்ணை
சில சமயம் நீக்கிவிடலாம்.
நீக்கினேன்.
சரியாக இருபத்தெட்டு, மிச்சமில்லாமல்.
இவ்வளவு சுத்தமாய் ஒரு விடை
பத்தாம் வகுப்பில்கூட எனக்கு வந்ததில்லை.

"பதினெட்டாம் தேதி என்னம்மா?"
அரிசி களைந்த தண்ணீரை வாசலில் வீசிவிட்டு
"மழை" என்றாள்.

அன்று என் ஸ்வெட்டரைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன்.
மதியத்துக்குள் காய்ந்துவிட்டது.
அதை ஏன் துவைத்தேன் என்றால்
முந்தின ராத்திரிதான் முதன்முதலாகச் சொல்லியிருந்தேன்,
கோயமுத்தூர், ஹாஸ்டல், மூன்று வருஷம் என்று.
அவள் "ம்" என்றாள்.
விளக்கை அணைத்தாள்.

அடுத்த கேள்வி நாக்கில் இருந்தது.
கேட்கவில்லை.
நான்கை மறுபடி அதன் இடத்தில் எழுதினேன்.
விடை அசிங்கமாகி, புள்ளிக்குப் பின்னால் நீண்டது.

பெட்டி கட்டும்போது ஸ்வெட்டரை வெளியே எடுத்து வைத்தேன்.
திரும்ப உள்ளே வைத்தாள்.
கீழே அதுக்கு வேலையே இல்லம்மா,
வேர்த்துக் கொட்டும்.

"பஸ் வர்ற வரைக்கும் குளிரும்ல."