ஏழாம் கூப்பில் ஓர் ஏரி

எங்கள் பேச்சில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர்.
குடிக்க வெள்ளம், குளிக்க வெள்ளம்,
கோழிக்கு ஒரு சிரட்டை வெள்ளம்.
அதனால் ஞானசிகாமணி விடியலில் ஓடிவந்து
“மேல வெள்ளம் கெட்டி நிக்குது” என்றபோது
யாரும் கட்டன்சாயா கிளாசைக் கீழே வைக்கவில்லை.

கீரிப்பாறைக்கு மேலே, ஏழாம் கூப்பில்,
ராத்திரி மலையின் ஒரு தோள் கழன்று
ஓடைக்குக் குறுக்கே படுத்திருந்தது.
வேரோடு இறங்கிய அயனிமரம் ஒன்று
அங்கேயே முளைத்ததுபோல நேராக நின்றது.
கீழே ஓடையைக் காணோம்.
சத்தமில்லாததுதான் எனக்குப் பயம்.

அவர் லடாக்கில் பதினாறு வருடம்
ரோடு வெட்டும் பட்டாளத்தில் புல்டோசர் ஓட்டியவர்.
பனியாறு சீவிவிட்டுப் போன மலை,
பிடிப்பில்லாமல் சரிந்து ஆற்றை மறித்ததாம்.
பனி அரைத்த கல்மாவு கரைந்து
ரப்பர்ப்பாலில் துரிசு கலக்கிய நிறத்தில் வெள்ளம்.
“நாப்பது நாள் நின்னுது. போட்டோ எல்லாம் எடுத்தோம்.
நாப்பத்தொண்ணாம் நாள், சோத்துக்கு இருந்த நேரம்...”
அதற்குமேல் சொல்ல மாட்டார்.
பாலம் என்றார் ஒருமுறை. தார்சேம் என்றார் ஒருமுறை.
தார்சேம் ஊரா, ஆளா என்று நான் கேட்கவில்லை.

கமுகு வாரியில் கோடு கீறிக் கரையில் நட்டார்.
மணிக்கொருதரம் பார்த்து
கரண்ட் பில்லின் முதுகில் எழுதினார்.
ஜீப்பில் வந்த அதிகாரியின் படிவத்தில்
‘நீர்நிலையின் பெயர்’ என்று ஒரு கட்டம்.
மூன்று நாள் வயசு ஏரிக்கு யார் பெயர் வைக்க?
‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்.

ஒன்பதாம் இரவு நாங்கள் பள்ளிக்கூடத்தில்,
பாய், குக்கர், பிலோமியின் ஆடு சகிதம்.
அவர் மட்டும் மேலே, டார்ச்சோடு.
மூன்று மணிக்கு ஓடை தொண்டையைச் செருமியது.
அயனியின் வேரடியில் வழி கண்டுபிடித்து
மண்ணைத் தின்று தின்று, அவசரமில்லாமல்
இறங்கிப் போயிற்று ஏரி.
ஐம்பது வாழை. ஒரு மோட்டார். அவ்வளவுதான் சேதம்.
“இதுக்கா இந்தப் பாடு?” என்றான் ஒருவன்.
ஞானசிகாமணி பள்ளிக்கூடப் படியில் அழுதுகொண்டிருந்தார்,
பாலம் தப்பிவிட்டது என்று.
எந்தப் பாலம் என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்று வெட்டுக்குப் போனேன்.
மரங்களில் என் தலைக்குமேல் சேற்றுக்கோடு,
அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல.
சிரட்டைதோறும் அந்த ஏரி கொஞ்சம்.
கவிழ்த்துக் கவிழ்த்து நடந்தேன்.
பதினோராம் மரத்தில் நகத்தளவு மீன் ஒன்று.
அந்தச் சிரட்டையைத் தளும்பாமல் ஏந்தி
ஓடைவரை இறங்கினேன், வெயில் ஏறிவிட்டது.

சூப்பர்வைசர் கேட்டால்
மழை என்று சொல்ல வேண்டும்.