உறையோடு பிறப்பது

டெர்பியில் கடல் நாளுக்கு இரண்டு முறை
ஊரைவிட்டு ஓடிப்போகும்.
படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும்.

பிரசவ அறையில் இரவுப்பணி முடித்து
கையில் மருந்துச் சோப்பு மணக்க
ஃபிட்ஸ்ராய் ஆற்றின் வற்றும் மடுவுக்குப் போனேன்.
ஆள் போதவில்லை என்றிருந்தாள் டார்லீன்.

வலைக்குள் ஒரு வேளா. என் தோளுயரம் நீளம்.
சுறாதானே என்றேன்.
புரட்டிக் காட்டினாள்:
வெள்ளை வயிற்றில் செவுள், ஐந்தைந்து கீறல்.
சுறாவுக்கு அது விலாவில் இருக்குமாம்.
இது திருக்கைச் சாதி,
வேஷம் மட்டும் சுறா.

வாளில் இடப்பக்கம் இருபத்தொரு பல்,
வலப்பக்கம் இருபது.
இரண்டு முறை எண்ணிவிட்டேன்.
வேரோடு போனால் திரும்ப முளைக்காது.

கலங்கல் நீரில் அது கண்ணை நம்புவதில்லை.
இறால் ஒன்று தசை சுருக்கினால்
அந்தச் சிறு மின்சாரம்
வாளின் தோலில் வந்து விழும்.
கேட்கிற இடமும் வெட்டுகிற இடமும் ஒன்றே.

எங்கள் ஊர்க் கெபியில்
மெழுகுவர்த்திப் புகை படிந்து
இந்தக் கொம்பு ஒன்று தொங்கியது.
அதற்கும் வெகுகாலம் முன்பு
மணலில் நட்டுக் கும்பிட்டார்களாம்.
கொம்பு இருந்தது. அதன் மீனைப் பார்க்க
நான் இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது.

அப்புறம்தான் தொழில்புத்தி கேட்டது:
இத்தனை பல்லோடு
தாய் எப்படிப் பெறுகிறாள்?

சவ்வுறை மூடித்தான் பிறக்கும்,
சில நாளில் கரைந்துவிடும் என்றாள்.

ஆயிரத்துக்கு மேல் பிரசவம் பார்த்தவள் நான்.
இப்படியொரு மரியாதை
எந்தப் பிள்ளையிடமும் கண்டதில்லை.

ஆழத்தில் விடும்போது ஒரே வீச்சு.
ரப்பர் பூட்ஸ் கிழிந்து
ஆறு உள்ளே வந்தது.