உலர் எடை

செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்கால், முதல் ஷிப்ட்.
செருப்பைக் கழற்றச் சொல்லி, செல்போனை வாங்கி வைத்து
ஒவ்வொருவரையும் எடை மேடையில் ஏற்றுகிறேன்.
ரத்தினவேலு அறுபத்தொன்று இருக்க வேண்டும்.
அறுபத்து மூன்று நானூறு என்கிறது எந்திரம்.
"ஞாயித்துக்கிழமை தர்பூசணி"
கேட்கும் முன்பே ஒப்புக்கொள்கிறார்.

உலர் எடை என்று ஒன்று உண்டு டயாலிசிஸில்.
சேர்ந்த தண்ணீரெல்லாம் போன பின்
ஆள் எவ்வளவோ அவ்வளவு.
அதற்குக் கீழே உறிஞ்சினால்
கெண்டைக்கால் இழுக்கும், கண் இருட்டும்.

லைப்சிக் மருத்துவமனை கேட்டிருப்பது
ஒரு கையெழுத்து மட்டும்தான்.
இங்கே பிடித்தம் போகப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
அங்கே தருவதை நூறால் பெருக்கக்கூடாது என்று
முடிவு செய்திருக்கிறேன்.
ஐந்து ரோடு சிக்னலில் பெருக்குகிறேன்,
பால் பொங்கும்போது பெருக்குகிறேன்.
இரண்டு சைபர்தானே, கை சும்மா இருப்பதில்லை.

ஃபேர்லண்ட்ஸ் மாடியறையில்
பதினோரு மாதம் படித்த மொழியில்
சிறுநீரகம் பெண்பால், ஊசி பெண்பால்.
நோயாளி ஆண்பால்.
ரத்தம் அங்கேயும் அஃறிணை.
அது ஒன்றுதான் முதல் நாளே மனதில் நின்றது.

"நீ எது சொன்னாலும் சரி" என்கிறார் மாதேஸ்வரன்.
நல்ல மனுஷர்.
சண்டை போட்டிருந்தால் ஒன்று போயிருப்பேன்,
இல்லை இருந்திருப்பேன்.
பாட்டரிக் கடையை என்ன செய்வது என்று
ஒரு தடவையும் கேட்கவில்லை.
போன வாரம்
கடை போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்.

மிருதுளா முடிவெடுத்துவிட்டாள்.
அடம்பிடித்து வாங்கிய ஸ்வெட்டரோடு
சேலத்து மே மாதத்தில்
ஃபேனுக்கு அடியில் வேர்த்துத் தூங்குகிறாள்.

ரத்தினவேலுவின் இடக்கையில் விரல் வைத்தால்
தோலுக்கடியில் உறுமுகிறது.
தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம்.
நான்கு வருடம், வாரம் மூன்று முறை,
அதே இரண்டு துளைகளில் என் ஊசி.
வேறு யார் போட்டாலும் வீங்கும்.
பெருமைக்குச் சொல்லவில்லை,
நோட்டில் எழுதியிருக்கிறது.

"வெள்ளிக்குள்ள பதில் சொல்லணும்" என்றேன் அவரிடம்.
சிவதாபுரத்தில் கொலுசுக்கு உருக்குகிறவர்.
"வெள்ளின்னா சேதாரம் இருக்குமே"
என்று அவரே சொல்லி அவரே சிரித்தார்.
பம்ப் சுற்ற ஆரம்பித்த பிறகு, குரலைத் தாழ்த்தி,
"எம் பொண்ணும் நர்சிங்தான் படிக்குது.
அந்த ஃபாரம் இன்னொண்ணு கிடைக்குமா?"
கையை அசைக்காதீங்க என்றேன்.
வேறென்ன சொல்ல.

எந்த நேரத்திலும் ஒரு டம்ளர் ரத்தம்தான்
உடம்புக்கு வெளியே இருக்கிறது.
போனதும் வருவதும் ஒன்றுதானா என்று
யாரும் கேட்டதில்லை.
கேட்டால் எனக்கும் தெரியாது.

இரவு, கோரிமேட்டு மொட்டை மாடியில் துணி எடுக்கிறேன்.
மலையில் ஒற்றை வண்டியின் விளக்கு.
இருபது கொண்டை ஊசி வளைவில்
எதிலோ மறைகிறது, வருகிறது,
முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது.
ஏற்காடு போகிறதா, இறங்கி வருகிறதா,
இரண்டு வளைவாவது பார்த்தால்தான் சொல்ல முடியும்.
துணிக்கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.
கீழே குக்கர் கூப்பிட்டது.

சாப்பிட்ட பின், கவரின் பின்பக்கத்தில்
எழுத உட்கார்ந்தேன், யாருக்கு என்று போடாமல்:

இடக்கை. மேல் துளை முதலில்.
இருபத்தைந்து டிகிரி, கட்டைவிரல் பக்கமாகச் சாய்த்து.
தள்ள வேண்டாம், அதுவே வழி விடும்.
பேச்சுக் கொடுத்துக்கொண்டே போடு.
உலர் எடை அறுபத்தொன்று.
தர்பூசணி என்றுதான் சொல்வார்.
நம்பாதே,
மாம்பழமும் இருக்கும்.