இருபத்தைந்து நிமிசம்

மஸ்கெலியா. ஒன்பதாம் நம்பர் மலைக்கு மேலே
மஞ்சள் எல்லைக்கல் தாண்டி
மரத்தில் கமரா கட்டியிருந்தார்கள்.

ஐந்து பத்துக்குச் சிறுத்தை.
ஐந்து முப்பத்தைந்துக்கு நான்,
தலையில் விறகு, வாயில் வெற்றிலை.

ரன்தெனிய மாத்தயா திட்டவில்லை.
"இருபத்தைந்து நிமிசம்தான் அக்கா" என்றார்,
படத்தின் நேரத்தைத் தொட்டுக் காட்டினார்.

பிறகு கூட்டம்:
காய்ந்த சுள்ளி மட்டும், சனிக்கிழமை மட்டும்,
மூன்று மணிக்குள் இறங்கிவிட வேண்டும்.
கவ்வாத்துக் குச்சியை லயத்துக்கே தருவதாகத்
தொரையும் தலையாட்டினார்.
எழுதித் தரவில்லை.

"சிறுத்தைக்கு யார் நேரம் சொல்வது?"
செங்கமலம் கேட்டாள். சிரித்தோம்.
கையெழுத்தும் போட்டோம்.

அடையாள அட்டைக்குப் பிறகு
என்னை எடுத்த படம் அதுதான்;
கேட்டேன், இரண்டையும் தந்தார்.
ஒரே ஆணியில் தொங்குகின்றன.

அது மிதித்த பன்னம்
என் படத்தில்
இன்னும் நிமிரவில்லை.