மூன்றை எட்டாக்குதல்

லிப்பாவில், ஜீப்னிகள் கிளம்பும் முனையில்,
விடிகாலை நாலரைக்குக் கதவு திறக்கும் கடையில்
விலைப்பலகை எழுதுவது என் வேலை.
காபி போடுவதும்தான். ஆனால்
காபி கெட்டால் ஒருவர் முகம் சுளிப்பார்,
இலக்கம் கெட்டால் வரிசையே நிமிர்ந்து பார்க்கும்.

பராக்கோ, பால் இல்லாமல்: 33.
பராக்கோ என்றால் இங்கே
காட்டுப்பன்றி என்றும் பொருள்,
அடங்காத ஆம்பளை என்றும் பொருள்.
எது என்பதை முதல் மிடறு சொல்லிவிடும்.
ஏன் முப்பத்து மூன்று என்று கேட்டால்
முதலாளி அலிங் செபெரினா
சிலுவைக்குறி போட்டுக்கொள்வாள்:
"ஆண்டவரோட வயசு அவ்வளவுதான்.
அதுக்கு மேல நான் கேட்டா நல்லா இருக்காது."

கொக்கோ வில்லை கடைந்த சாக்லேட்: 65.
பான் தெசால், நாலு: 20.
இதில் விலை ஏறவே இல்லை, ரொட்டிதான் இறங்கியது.
முன்பு உள்ளங்கையை நிறைத்தது
இப்போது கோலிக்குண்டுக்குப் பெரியப்பா.
சீஸ் தூவிய என்சைமாடா: 48.
பூண்டுச்சோறு, முட்டை, உலர்த்திப் பொரித்த மாட்டிறைச்சி: 115.
சம்பளம் வந்த மறுநாள் பதினொரு தட்டு,
அதற்கு அடுத்த வாரம் இரண்டு.

கலமான்சி சாறு, ஐஸ் போட்டு: 40.
நர்சிங் படிக்கும் ட்ரிக்ஸி அதை வாங்கி வைத்து
நாலு மணி நேரம் உட்காருவாள்.
சாறு தண்ணீராகும், தண்ணீர் மேஜையில் வட்டமாகும்,
அவள் செருகிய சார்ஜர் மட்டும்
வயிறு நிறையக் குடித்துக்கொண்டே இருக்கும்.
மின்சாரத்துக்குப் பலகையில் வரி இல்லை.
சொந்தப் பொட்டலத்தைக் கிழித்து நீட்டுகிறவர்களுக்கு
ஊற்றும் வெந்நீருக்கும் இல்லை.

எதிரே புதிதாய் ஒரு கண்ணாடிக் கடை.
அங்கே லாத்தே 189.
அந்த ஒன்பது ஏன் என்று
இன்றுவரை எனக்குப் புரியவில்லை.
ஒரு பெசோ மிச்சம் தந்து
எதை மறக்கச் சொல்கிறார்கள்?

நேற்று ராத்திரி சர்க்கரை மூட்டைக்காரன் போன பிறகு
அலிங் செபெரினா கணக்கு நோட்டை மூடினாள்.
கொஞ்ச நேரம் சுவரில் இருந்த இயேசுவைப் பார்த்தாள்.
"முப்பத்தெட்டு போடு" என்றாள்,
அவரிடம் சொல்வதுபோல.

மூன்றை எட்டாக்குவது சுலபம்.
திறந்திருக்கும் இரண்டு வாயையும்
மூடிவிட்டால் போதும்.
சாக்பீஸுக்கு இரண்டு வளைவு.

இன்று நாலரைக்கு முதல் ஆள், வழக்கம்போல, மங் தெபான்.
ட்ரைசிக்கிளை நிறுத்தி, எஞ்சின் சூட்டில் கை தேய்த்து,
பலகையைப் பார்க்காமலே
கவுன்டரில் காசு அடுக்கினார்:
ஒரு இருபது, ஒரு பத்து, மூன்று ஒற்றை.
வீட்டிலேயே எண்ணி
கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்த காசு.
முடிச்சு அவிழ்ந்த துணியில்
வேறு எதுவும் இல்லை.

நான் பலகையைத் துடைப்பதுபோலத் திரும்பினேன்.
சுண்டுவிரல்.
எட்டின் இடப்பக்கம், மேலே ஒரு தேய்ப்பு, கீழே ஒன்று.
வாய் இரண்டும் திறந்துகொண்டன.

ஐந்தாவது ஆளிலிருந்து எட்டாக்கிவிடலாம் என்றிருந்தேன்.
ஐந்தாவது ஆளும் முப்பத்து மூன்றுதான் வைத்தான்.
பதினேழாவது ஆள் நூறு நீட்டினான்,
மீதி அறுபத்தேழு எண்ணித் தந்தேன்,
அதற்குள் எனக்கே பழகிவிட்டது.

ஒன்பது மணிக்கு அலிங் செபெரினா வந்தாள்.
பலகையைப் பார்த்தாள்.
என் சுண்டுவிரலைப் பார்த்தாள், வெள்ளையாய் இருந்தது.
"சாக்பீஸ் நிக்க மாட்டேங்குது" என்றாள்.
"பெயின்ட் வாங்கிட்டு வந்து எழுது."

சரி என்றேன்.
நாள் முழுக்கக் காத்திருந்தேன்.
பெயின்ட்டுக்குக் காசு மட்டும்
அவள் தரவே இல்லை.